பாலத்து ஏற்றத்தில் நின்ற கார்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தால் தெரியும். தெருவில் கேட்டால் தெரியாது. தெருவுக்கு அவர் நிதானம். பக்கத்து டயர்க்கடைக்காரர் வாய்க்கொழுப்பில் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஸ்பேனரைக் கையில் எடுத்தால் முதலில் துடைப்பார், பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அப்புறம்தான் போல்ட்டுக்குப் போவார். வண்டிக்காரர் வாசலில் நின்று கையைப் பிசைந்தால், "நிதானம், நிதானம்" என்பார். அது வண்டிக்காரருக்கா, தனக்கா, இன்ஜினுக்கா என்று யாருக்கும் புரிந்ததில்லை. ஆனால் அவர் டைமிங் வைத்த வண்டி அடுத்த தெருவில் வரும்போதே, "நம்ம ஆள் வேலை" என்று டயர்க்கடைக்காரர் சொல்லிவிடுவார். பெருமையாகச் சொல்வதில்லை, எரிச்சலோடுதான் சொல்வார். ஒழுங்காக ஓடும் வண்டிக்கு டயர் சீக்கிரம் தேயாது என்பது அவர் கட்சி.

பட்டறைக்கு வந்து போகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். பானெட்டைத் திறந்து அவர் குனிந்திருக்கும்போது அவருடைய இடது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கூடாது என்று அவர் வாய்திறந்து சொன்னதில்லை. யாராவது வந்து நின்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் நகரும்வரை ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார், அவ்வளவுதான். அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இருந்தால்தான் அங்கே நிற்கிறவனுக்கு இடம் இருக்கும் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு. வெளியே சொன்னால் மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள், அதனால் சொல்லவில்லை. அங்கே நிற்கிறவன் அவருடைய மைத்துனன். செத்து வெகு காலம் ஆகிறது.

நிதானத்தின் மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள். பட்டறையின் பின்சுவரோடு ஒட்டி ஓர் அறை, அதில் ரெக்சின் சுருள்கள், பஞ்சு மூட்டை, ஒரு கனத்த தையல் மெஷின். கல்யாணமாகி வரும்போது அந்த மெஷினையும் ஒரு தம்பியையும் அவள் கூட்டி வந்தாள். இரண்டும் ஓயாமல் சத்தம் போடும், இரண்டும் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது. தாய் தகப்பன் இல்லாத பையன், அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். நிதானம் அவனை முதலில் பாரம் என்று நினைத்தார். பிறகு தொல்லை என்று நினைத்தார். அப்புறம், அவன் வீட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க ஆரம்பித்தார். தனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியாக அந்தப் பையன் வைத்துக்கொள்ளவில்லை.

பையன் வளர்ந்து மருந்துக் கம்பெனிக்கு விற்பனை ஆளாகப் போனான். ஊர் ஊராகச் சுற்றும் வேலை. கையில் நாலு காசு சேர்ந்ததும் புது வண்டி வாங்குவான் என்று அக்கா நினைத்தாள். அவன் தன்னைவிட வயதில் மூத்த ஒரு பழைய காரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினான். கரும்பச்சை நிறம், உருண்டையான முகம், அகலமான மூக்கு. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நிதானம் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, மனுஷன் கை உள்ள போற மாதிரி இடம் விட்டிருக்கான்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அந்த வண்டியின் டைமிங்கில்தான் இருவருக்கும் இழுபறி தொடங்கியது.

டைமிங் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியைப் பிஸ்டன் மேலே அழுத்திக்கொண்டு வரும்போது, அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்திவிட்டால் இன்ஜின் உள்ளுக்குள் கணகணவென்று தட்டும். பிந்திவிட்டால் வண்டி இழுக்காது, பலமெல்லாம் சூடாகி வீணாகும், கொதிக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும். பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் என்ற குடுவையின் கழுத்தில் ஒரு கிளாம்ப் இருக்கிறது. அதைத் தளர்த்திக் குடுவையைக் கொஞ்சம் திருப்பினால் பொறி முந்தும், மறுபக்கம் திருப்பினால் பிந்தும். ஒரே ஒரு ஸ்பேனர் வேலை.

ஒரே ஒரு ஸ்பேனர் வேலை என்பதுதான் வம்பு. நிதானம் அரை நாள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு டைமிங் வைப்பார். மைத்துனன் அவருடைய இடது பக்கத்தில் நின்று, "முடிஞ்சுதா மாமா, முடிஞ்சுதா மாமா" என்று அரித்துக்கொண்டே இருப்பான். வண்டியை எடுத்துக்கொண்டு போய், நாலு தெரு தாண்டி நிறுத்தி, டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் திருப்பிக்கொள்வான். அப்போதுதான் வண்டி பறக்குமாம். அடுத்த முறை வரும்போது இன்ஜின் கணகணவென்று தட்டிக்கொண்டு வரும். நிதானம் பேசாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். அவன் மறுபடி திருப்புவான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நிதானத்தின் பாட்டு தொடங்கும். "உன் தம்பிக்குக் கை சும்மா இருக்காதா? நான் வெச்சத தொடாதேன்னா தொட்டுத்தான் தீருவானா? வண்டி எங்கயாவது நின்னா என் பேர்தான் கெடும்." மனைவி பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

கடைசி முறை நிதானம் ஒரு தந்திரம் செய்தார். எப்படியும் இவன் முன்னால் திருப்பத்தான் போகிறான், அப்படித் திருப்பினால் சரியான இடத்துக்கு வந்து நிற்கட்டும் என்று, வேண்டுமென்றே கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார். மைத்துனனின் அரிப்புக்கு இடம் விட்டு வைத்த டைமிங் அது. கூடவே, அவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேலி செய்ய ஆசைப்பட்டு, மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, குடுவையும் அதன் அடிப்பாகமும் சேருமிடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து வைத்தார். திருப்பினால் கோடு உடையும். அப்போது பார்த்துக்கொள்ளலாம் அவனை.

சில வாரங்கள் கழித்து அவன் பட்டறைக்கு வந்தான். நிதானம் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது அவனுடைய செருப்பு மட்டும்தான்.

"மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கொதிக்குது வேற. ஒரு தடவ பாருங்களேன்."

"நடிக்காத மாப்ள. நீ என்ன பண்ணியோ அத நீயே சரி பண்ணிக்கோ."

"நான் ஒண்ணும் பண்ணல மாமா."

"அப்ப நானும் ஒண்ணும் பண்ணல."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்பு வெளியே போய்க் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பியது வரை அவர் கேட்டார். போகிற வழியில் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றிருக்கிறது. இறங்கிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளியிருக்கிறான். பக்கவாட்டில் வந்த லாரி அவனை உரசிக்கொண்டு போனது. கார்க் கதவில் மட்டும் ஒரு நெளிசல். வண்டிக்கு வேறு ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ் நிலைய வாசலில் அந்தக் கார் நின்றபோது நிதானம் போய்ப் பக்கத்தில் நின்றார். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், கோடு உடைந்திருக்கிறதா இல்லையா என்று. கை பானெட் வரை போனது. திறக்கவில்லை. பிறகு அவனுக்குச் சித்தப்பா முறையில் ஒருவர் வந்து வண்டியை யாருக்கோ விற்றுவிட்டார். அதோடு அந்தக் கேள்வி நிதானத்தின் உடம்புக்குள் குடியேறிவிட்டது. திருப்பியிருப்பான், கண்டிப்பாகத் திருப்பியிருப்பான், அவனாவது சும்மா இருக்கிறதாவது, என்று தினமும் தனக்கே சொல்லிக்கொள்வார். திருப்பியிருந்தால் டைமிங் சரியாக இருந்திருக்கும், வண்டி வேறு எதனாலோ நின்றிருக்கும். திருப்பாமல் விட்டிருந்தால் அவனைக் கொன்றது லாரி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மனுஷன் வாழ்ந்தார். தெருவில் எந்த வண்டி நின்றாலும் வாசலுக்கு ஓடிவந்து, யாராவது இறங்கித் தள்ளுகிறார்களா என்று பார்ப்பார். பாலத்துப் பக்கம் போக வேண்டிய வேலையென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை. இருந்தவற்றை மனைவி எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஏன் என்று நிதானம் கேட்கவில்லை. தன் முகத்தையும் அவன் முகத்தையும் ஒரே அறையில் பார்க்க அவளால் முடியவில்லை, தெரிந்தும் தெரியாத மாதிரி தன்னை மன்னித்து வைத்திருக்கிறாள், என்று அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்த மன்னிப்பைத்தான் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

இப்படியிருக்கும்போது ஒரு நாள், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற போட்டோக்காரர் ஒரு பழைய காரை இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார். சந்தன நிறத்தில் பளபளவென்று பெயிண்ட், கண்ணாடிகளில் வெள்ளை ரிப்பன். போட்டோக்காரர் உள்ளேயிருந்து எதையோ எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய சத்தத்தில் நிதானத்தின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நெளிந்த கதவுக்கென்று ஒரு சத்தம் உண்டு. என்னதான் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தாலும் அது போகாது.

"அண்ணே, இதுல உக்கார வெச்சுத்தான் படம் எடுக்கிறது," என்றார் போட்டோக்காரர். "ஒரு பெரிய மனுஷன் காட்சிக்கு வெச்சிருந்தாரு, ஷெட்டுல போர்வ போட்டு. ஓட்டவே இல்ல. வெளிய மட்டும் பெயிண்ட் அடிச்சு அழகு பாத்திருக்காரு. இப்பத்தான் எங்கிட்ட வந்துச்சு. போன கல்யாணத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ள இருக்காங்க, ஏத்தத்துல நின்னு போச்சு. மாப்பிள்ளை கோட்டோட எறங்கித் தள்ளினாரு. அந்தப் படந்தான் இருக்கிறதுலயே நல்லா வந்திருக்கு, அது வேற விஷயம்."

நிதானம் சிரிக்கவில்லை. கதவோரத்தில் குனிந்து பார்த்தார். சந்தன நிறத்துக்கு அடியில், கீல் மடங்குகிற இடத்தில், கரும்பச்சை எட்டிப்பார்த்தது.

"கொதிக்குதா?"

"கொதிக்குது. இழுக்கவும் மாட்டேங்குது. நின்னா ஆறின பிறகுதான் கெளம்புது. சீட்டும் கிழிஞ்சிருக்கு, உள்ள அக்காகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"அவளுக்குக் கை நிறைய வேலை," என்றார் நிதானம் அவசரமாக. அவர் அவசரமாகப் பேசியதைப் போட்டோக்காரர் அதற்கு முன் கேட்டதில்லை. "சீட்ட அப்புறம் பாத்துக்கலாம். நீங்க சாயங்காலம் வாங்க."

பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கினார். நேரே டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எண்ணெயும் தூசியும் சேர்ந்து அப்பிக்கொண்டு அங்கே ஒன்றும் தெரியவும் இல்லை. முறைப்படி போகலாம் என்று தீர்மானித்துக்கொண்டார். முறை என்பது அன்றைக்கு அவருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமாக இருந்தது.

கிளப்பினார். குளிர்ந்த இன்ஜின் ஒழுங்காகவே ஓடியது. சூடேறட்டும் என்று ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றார். சூடு காட்டும் ஊசி மேலே போகப் போக இன்ஜினின் குரல் கனத்தது, இருமியது, நின்றது. ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து இன்ஜினைச் சுற்ற வைத்துப் பார்த்தார். பொறி மஞ்சளாக, நோஞ்சானாக விழுந்தது. நீலமாக விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே, பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்து வெட்டுகிற பாயிண்ட் இரண்டும் கருகிக் குழி விழுந்திருந்தன. அவற்றைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் தலையில் காய்ந்துபோன ஒரு சொட்டு அரக்கு. ஸ்க்ரூ தளராமல் இருக்க அரக்கு வைப்பது அவருடைய பழக்கம், வேறு யாரும் செய்யமாட்டார்கள். அவருக்குப் பிறகு அந்த மூடியை ஒருவரும் திறக்கவில்லை.

பாயிண்ட்டை மாற்றினார். பொறியைத் தாங்கிப் பிடிக்கிற கண்டென்சரையும் சோதித்தார். சூட்டில் அது செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதையும் மாற்றினார். இப்போது பொறி நீலமாக, படீர் என்று விழுந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. கண்டென்சர்தான். கண்டென்சர் சூட்டில் செத்தால் வண்டி நிற்கும், அதற்கு யார் என்ன செய்ய முடியும். அன்றைக்கும் இதுதான் நடந்திருக்கும். இத்தனை காலம் வீணாக மனசைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தோமே என்று, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவருக்கு அழுகையே வந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். டயர்க்கடைக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையை நீட்டி, "என்ன, லாட்டரி விழுந்துதா?" என்றார்.

மறுபடி கிளப்பினார். ஊசி ஏறியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் ஏறியது. இன்ஜினின் குரலில் அந்தக் கனம் திரும்ப வந்தது. பொத்துப் பொத்தென்று, யாரோ ஈரச் சாக்கைத் தரையில் அடிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கனவில் கேட்டுக் கேட்டுப் பழகியது. பிந்தி விழுகிற பொறியின் சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் குலுங்கி நின்றது.

இனி ஒளிய இடம் இல்லை. பெட்ரோலில் ஒரு துணியை நனைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தில் அப்பியிருந்த அழுக்கை மெதுவாகத் துடைத்தார். அழுக்குக்கு அடியிலிருந்து சிவப்பு தெரிந்தது. குடுவையிலிருந்து அடிப்பாகம் வரை, குறுக்கே, ஒரே கோடு. விரிசல் இல்லை. விலகல் இல்லை. நேற்று இழுத்து வைத்த மாதிரி இருந்தது.

அவன் தொடவே இல்லை.

நிதானம் காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒண்ணும் பண்ணல மாமா என்று அவன் சொன்னது உண்மை. உதவி கேட்டு வந்திருக்கிறான். இவர் அடியில் படுத்துக்கொண்டு கிண்டல் பேசி அனுப்பிவிட்டார். ஏன்டா தொடாமல் விட்டாய், எப்போதும் தொடுகிறவன் அந்த ஒரு தடவை மட்டும் ஏன்டா சும்மா இருந்தாய், என்று இடது பக்கம் திரும்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

தையல் மெஷின் நின்று எவ்வளவு நேரமாகிறது என்று அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது மனைவி காரின் பின்கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கிழிந்த உறைக்குள் கையை விட்டு, அடியிலிருந்த பழைய தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று கையிலிருந்த துணியைக் கோட்டின் மேல் போட்டு மூடினார்.

"இது என் தையல்," என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடியே தெரியும். கதவுச் சத்தம் கேட்டப்பவே."

"ஏன் வெளிய வரல?"

"வர முடியல."

அவள் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அவருடைய இடது பக்கத்தில் வந்து நின்றாள். அவர் நகரச் சொல்லவில்லை.

"தொட்டிருக்கானா?"

"எத?"

"எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"நீ ஏன் அத கேக்கற?"

அவள் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க தெனம் சாப்பிடும்போது பொலம்புவீங்க. உன் தம்பி கை வெச்சா என் பேர் கெடும், உன் தம்பி கை வெச்சா என் பேர் கெடும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. கடைசியா நீங்க வேலை பண்ணிக் குடுத்தீங்கள்ல, அன்னிக்கு அவன உக்கார வெச்சு, மாமா வெச்சத இனிமே தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுன்னு கேட்டேன். சிரிச்சான். அப்புறம் என் கையில அடிச்சுக் குடுத்தான்."

"எங்கிட்ட சொல்லலியே நீ."

"சொன்னா அவனக் கிண்டல் பண்ணியே கொன்னுருவீங்க. அவனாவே திருந்தின மாதிரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்." பானெட்டின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "அவன் போனப்புறம் எனக்கு ஒண்ணுதாங்க தோணுச்சு. எங்கிட்ட வாக்குக் குடுத்துட்டு, கை வெச்சுட்டான். அதான் வண்டி நின்னுருக்கு. நீங்க பண்ண வேலை நடுரோட்டுல நிக்காது. அது எனக்குத் தெரியும். ஏமாத்திட்டுப் போயிட்டானேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. அதனாலதான் அவன் படத்த நான் வெளிய எடுக்கல. மொகத்தப் பாத்தா கோவம் வருது."

தன்னை மன்னித்துவிட்டாள் என்று நிதானம் நினைத்திருந்த அந்த மௌனம் மன்னிப்பே இல்லை. அவள் அவரைக் குற்றவாளியாக நினைத்ததே இல்லை. அவர் வேலைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் தம்பியைத் தண்டித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். ஆமாம், தொட்டிருக்கிறான். அதோடு முடிந்தது. துணிக்கு அடியிலேயே நகத்தால் கோட்டைச் சுரண்டிவிட்டால் சாட்சியும் இல்லை. இவருக்குப் பழி இல்லை, அவளுக்கும் தான் வாங்கிய வாக்கு என்ன செய்தது என்று தெரிய வேண்டியதில்லை. செத்தவன் ஒருவன்மேல்தான் பாரம், அவனுக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது. இவ்வளவும் ஒரு நொடியில் அவர் மனசில் ஓடியது. அவர் அப்பழுக்கில்லாத ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. விரல் துணிக்கு அடியில் போகவும் செய்தது. அங்கே நகப்பூச்சின் மேடு வழவழவென்று தட்டுப்பட்டது. பொய் சொல்லாத பையனைப் பொய்யன் ஆக்க வேண்டும் என்றால் அந்த மேட்டை உரிக்க வேண்டும்.

அவர் துணியை எடுத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இது என்னோடது."

"ஆமா. ஒன் பெட்டியில இருந்து எடுத்தேன். அவன் திருப்பினா ஒடையும்னு போட்டு வெச்சேன்."

"ஒடையலையே."

"ஒடையல. அவன் தொடல." அவர் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இன்னும் இருக்கு, கேளு. நான்தான் சரியான எடத்துல வெக்கல. எப்படியும் அவன் முன்னால திருப்புவான்னு, வேணும்னே பின்னால தள்ளி வெச்சேன். அவன் கணக்கையும் நானே போட்டேன். அதான் கொதிச்சுது, அதான் இழுக்கல. வந்து பாருங்கன்னு சொன்னான். நான் எழுந்துகூட வரல."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் பின்னால் நகர்ந்து மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. "வாக்கக் காப்பாத்திட்டான்," என்றாள், சின்னப் பிள்ளை பரிசு வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி. "எம் பிள்ளை வாக்கக் காப்பாத்தியிருக்கான்." பிறகுதான் மீதி அவளுக்கு உறைத்தது.

"நீங்க சரியா வெச்சிருந்தா?"

"நின்னிருக்காது."

"நான் வாக்கு வாங்காம இருந்திருந்தா?"

அவர் இன்ஜின் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை. "சொல்லுங்க. நான் வாங்காம இருந்திருந்தா?"

"அப்பவும் நின்னிருக்காது."

இருவரும் அழுதார்கள். இத்தனை காலத்தில் இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. டயர்க்கடைக்காரர் ஏதோ கேட்க வந்து, வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

வெயில் சாயத் தொடங்கியது. போட்டோக்காரர் வந்துவிடுவார். வண்டியை இப்படியே கொடுத்தனுப்பினால் அது மறுபடி ஏதாவது ஏற்றத்தில் நிற்கும், மறுபடி யாராவது இறங்கித் தள்ளுவார்கள். நிதானம் எழுந்தார். கிளாம்ப் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் தளர்த்தினார். ஆள் இருந்த நிலையில் ஸ்பேனரைத் துடைக்கக்கூட இல்லை. ஆறியிருந்த இன்ஜினைக் கிளப்பினார். குடுவையைப் பிடித்துத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. கை அதன்மேல் போய் உட்கார்ந்தது, திரும்பவில்லை. அந்தக் கோட்டை உடைக்க அவரால் முடியவில்லை.

"தள்ளி நில்லுங்க," என்றாள் மனைவி.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் குடுவையைப் பிடித்தாள். நாளெல்லாம் ரெக்சினை இழுத்துப் பிடிக்கிற கை அது.

"எந்தப் பக்கம்?"

"ஒன் பக்கம். மெதுவா. நிதானமா."

நகப்பூச்சு மெல்லிய சத்தத்தோடு விரிசல் விட்டது. இன்ஜின் ஓடுகிற சத்தத்தில் அது கேட்டிருக்க வழியில்லை, ஆனாலும் இருவருக்கும் கேட்டது. பொத்துப் பொத்தென்ற குரல் இளகியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். கனம் முழுக்கக் கழன்று, இன்ஜின் தெளிவான ஒரே சீரான குரலுக்கு வந்தது.

"போதும்," என்றார்.

அவள் குனிந்து, உடைந்த கோட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். அவளுடைய சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத அவன் ரோட்டுல நின்னே பண்ணியிருப்பான்ல?"

"பண்ணியிருப்பான்," என்றார் நிதானம். "கண்ண மூடிக்கிட்டே பண்ணியிருப்பான்."

அவள் கையை எடுக்கவில்லை. இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.